ஆராய்ச்சிக்கு ஈதல் அறமாமோ?

அறங்களுள் ஈதல் தலையாயது என்பதில் அறிஞர் எவர்க்கும் ஐயமில்லை. பசித்தார்க்குச் சோறும், நீர்வேட்கையுற்றார்க்குத் தண்ணீரும், உடையிலார்க்கு உடையும், பிணியாளர்க்கு மருந்தும் அளித்தல் நல்வினை என்பதனை நூல் கற்றாரேயன்றி நூலறியா எளியரும் ஒருங்கே ஒப்புவர். இவ்வீகைகளை உற்று நோக்குவார்க்கு இவற்றினிடையே மூன்று இயல்புகள் பொதுவாய் அமைந்திருத்தல் புலனாகும். பெறுவான் ஒருவன் கண்முன்னே நிற்றல் ஒன்று; அவனது குறை இன்னதென்று தெளிவாய்த் தெரிந்திருத்தல் மற்றொன்று; கொடுத்த பொருள் அக்குறையைத் தீர்ப்பதனைக் கொடுத்தான் கண்டு மகிழ்தல் பிறிதொன்று. இம்மூன்றும் கூடியவிடத்து ஈகை எளிதாகின்றது. இரக்கம் தானே சுரந்து கையை நீட்டச் செய்கின்றது.

இனி, இம்மூன்றும் இல்லாத ஓர் ஈகை உண்டு. ஒரு நோயின் காரணத்தையும் அதனைத் தணிக்கும் வழியையும் ஆராய்வார்க்குப் பொருள் வழங்குதலும், ஆராய்ந்து கண்ட உண்மையை மக்கட்குக் கற்பித்தற்குப் பொருள் வழங்குதலும் அத்தகையன. அங்கே பெறுவான் முகம் தெரிவதில்லை. அவன் இன்னும் பிறவாதவனாகவும் இருக்கலாம். அவனது குறையைத் தீர்ப்பது யாதென்பதே இன்னும் விளங்காத ஒன்று. கொடுத்த பொருள் பயன் தருமோ தாராதோ என்பதும் முன்னர்த் துணிதற்கு அரிது. இத்தகைய கொடையினை அறமென்று கொள்ளலாமோ, அன்றி அறிவுடையார் பொழுதுபோக்கிற்கு இறைக்கும் செல்வமென்று தள்ளலாமோ என்பது ஆராயத்தக்க வினா.

இவ்வினாவிற்கு முழந்தாள் நோவினை எடுத்துக்காட்டாகக் கொள்ளுதல் பொருத்தமுடைத்து. புற்றுநோயும் மாரடைப்பும் உயிரைக் கவர்வனவாதலின், அவற்றின் அச்சமே செல்வரைக் கொடைக்குத் தூண்டும். முழந்தாள் நோவோ உயிரைக் கொள்வதன்று. "முதுமை வந்தால் வருவதுதானே" என்று அயலார் கூறுவர்; நோயுற்றாரும் அதனையே கூறித் தம்மைத் தேற்றிக்கொள்வர். அச்சமும் இரக்கமும் தூண்டாத விடத்தேதான் அறத்தின் உண்மை உரைத்துப் பார்க்கப்படும்.

முழந்தாள், உடம்பிலுள்ள மூட்டுக்களுள் மிகப் பெரியது. துடையெலும்பும் கணைக்காலெலும்பும் கூடுமிடத்தில், முன்னே சில்லெலும்பு காவலாய் நிற்க, எலும்பின் முனைகளை வழுவழுப்பான குருத்தெலும்பு போர்த்திருக்க, இடையே பிறைவடிவான இரண்டு சவ்வுகள் மெத்தைபோற் கிடக்க, நிற்றல், நடத்தல், ஏறுதல், இறங்குதல், மண்டியிடுதல் ஆகிய தொழில்களையெல்லாம் அது தாங்குகின்றது. குருத்தெலும்பிற்குக் குருதிக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. ஆதலின் சிதைந்தது செவ்வனே மீள வளர்தல் அரிது. சிதையும்பொழுது அது தானே நோவதும் இல்லை. கீழுள்ள எலும்பும் மூட்டினைச் சூழ்ந்த உறையும் துன்புறத் தொடங்கிய பின்னரே நோவு வெளிப்படுகின்றது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்கின்படி 2019ஆம் ஆண்டில் மூட்டுத் தேய்வு நோயுற்றார் உலகெங்கும் 52 கோடியே 80 இலட்சம் பேர். அவருள் முழந்தாளில் அந்நோயுற்றார் 36 கோடியே 50 இலட்சம் பேர். அந்நோயுற்றாருள் நூற்றுக்கு அறுபதின்மர் பெண்டிர். தேய்ந்த மூட்டினைப் பழைய நிலைக்கு மீட்பதெனவோ, தேய்வினைத் தடுத்து நிறுத்துவதெனவோ மெய்ப்பிக்கப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை.

இந்நோய் வகையினை ஆராய்தற்கென்றே இங்கிலாந்தில் ஓர் அறநிலையம் 1936ஆம் ஆண்டில் தோன்றிற்று. டபிள்யூ. எஸ். சி. கோப்மன் என்னும் மருத்துவரின் முயற்சியால் எழுந்த அதற்கு எம்பயர் ரூமாட்டிசம் கவுன்சில் என்று பெயர். மூட்டு வாதத்தைக் கற்றுணர்ந்த மருத்துவர் அரியராய், ஆராய்ச்சிக்குப் பொருளும் அரிதாய் இருந்த காலம் அது. பதினோர் ஆண்டு கழித்து, 1947இல், அந்நாட்டிலேயே வேறோர் சங்கம் எழுந்தது. தாமே மூட்டு நோயால் வருந்தியவராகிய ஆர்தர் மெயின்வேரிங் போவன் என்பார் அதனைத் தோற்றுவித்தார். பிரிட்டிஷ் ருமாட்டிக் அசோசியேஷன் என்று தொடங்கிப் பின்னர் ஆர்த்ரைட்டிஸ் கேர் எனப் பெயர் மாறிய அச்சங்கத்தின் நோக்கம், நோயாளர்க்குத் துணைநிற்றலும் அறிவுரை வழங்குதலுமாம். முன்னையது நாளை வரும் நோயாளனை நோக்கிற்று. பின்னையது இன்று வருந்தும் நோயாளனை நோக்கிற்று. எழுபது ஆண்டுகள் தனித்தனியே இயங்கிய இவ்விரண்டும் 2017ஆம் ஆண்டில் ஒன்றாகி, 2018இல் வெர்சஸ் ஆர்த்ரைட்டிஸ் என்னும் பெயரைப் பெற்றன. இவ்விணைவின் உட்பொருள் பின்னர் விளங்கும்.

ஆராய்ச்சிக்கு ஈதலை மறுப்பார் கூறும் தடைகள் மூன்று. அவற்றை முறையே ஆராய்தல் வேண்டும்.

முதலாவது தடை வினைக்கொள்கை பற்றியது. இன்பதுன்பங்கள் இருவினைப் பயன்கள். முழந்தாள் நோவும் ஊழ்வினையால் வந்ததே. அதனை உயிர் நுகர்ந்தே கழித்தல் வேண்டும். அங்ஙனமிருக்க, அந்நோவை வேரோடு களைதற்குப் பொருள் செலவிடுதல் வினையின் முறைமையைக் குலைத்தல் ஆகாதோ என்று ஒருசாரார் வினவுவர். இக்கூற்று மேலோட்டமாய் நோக்குவார்க்கு நெறியுடையது போலத் தோன்றும். ஆயின், இது மெய்யாயின் நோய்க்கு மட்டும் நில்லாது. பசியும் வினைப்பயனே, ஆதலின் சோறிடுதலும் தவறாதல் வேண்டும். நீரில் வீழ்ந்தானைக் கரையேற்றுதலும் தவறாதல் வேண்டும். இங்ஙனம் அறமனைத்தையும் விழுங்கிவிடும் ஒரு கூற்று அறநூற் கருத்தாதல் யாங்ஙனம்? மேலும், ஒருவன் நுகர வேண்டிய வினை இத்துணைத்தென்று அளந்தறிதல் முதல்வன் ஒருவனுக்கே இயல்வது. அயலான் நோவு அவன் வினைக்கு அளவானதே என்று தீர்ப்புக் கூறுவோன், தனக்கில்லாத அறிவைத் தனக்குண்டென்று கொள்கின்றான். நோவு வினையால் வருமாயின், அந்நோவு தணிதலும் வினைக்கு உட்பட்டே வரும். பிறர் ஈந்த பொருளும் பிறர் தேடிய அறிவும் அதற்கு வாயிலாம். வாயிலை அடைத்து வைத்தலால் முறைமை காக்கப்படுவதில்லை. அடைத்தானுக்குப் புதுவினை ஏறுவதே கண்ட பயன்.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. திருக்கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்களைக் குளிர்சுரம் பற்றியகாலை, அஃது அந்நிலத்து இயல்பென்றோ வினைப்பயனென்றோ எண்ணித் திருஞானசம்பந்தர் வாளா இருந்திலர். திருநீலகண்டத் திருப்பதிகம் அருளினார். நோய் முன்வினையால் வந்ததென்பதனை அறிந்தும் பிழைக்கும் வழியைத் தேடாமை குறைபாடே என்னும் கருத்து அப்பதிகத்தின் தொடக்கத்திலேயே காணப்படும். அச்சுரம் அடியார்களை மட்டுமன்றி அந்நாட்டையே விட்டு நீங்கிற்றென்பது பெரியபுராண வரலாறு. ஒருவர் நோயைத் தீர்த்தலோடு அமையாது, அந்நோயே பிறரைப் பற்றாதிருக்க வேண்டுமென்று விரும்புதல் அருளாளர் உள்ளத்திற்கு இயல்பாம் என்பது இதனாற் பெறப்படும். உடம்பு, உயிர் தன் அறியாமை நீங்குதற்குக் கருவியாகப் பெற்றது. கருவியைச் செம்மை செய்தல் உயிர்க்குத் துணைசெய்தலே என்க.

இரண்டாவது தடை இதனினும் வலியது. அது நூல்வழக்கிலிருந்து எழாது, இரக்கத்திலிருந்தே எழுவது. இன்று ஒரு மூதாட்டி படியேற மாட்டாது கீழ்வீட்டில் முடங்கிக் கிடக்கின்றாள். அவளுக்கு ஊன்றுகோலும் மருந்தும் துணையாளும் வேண்டும். அவளுக்குச் செல்லவேண்டிய பொருளைப் பறித்து, முப்பது ஆண்டு கழித்து யாரோ ஒருவனுக்குப் பயன்படக்கூடும் என்னும் ஆய்வுக்கூடத்திற்குக் கொடுத்தல் கொடுமையன்றோ என்பது அத்தடை. இதனை எளிதில் தள்ளிவிடுதல் இயலாது, தள்ளுதலும் தகாது.

ஆயினும் அறவழக்கில் முகமறியார்க்கு ஈதல் புதுவதன்று. குளம் தொட்டான் யாருக்குத் தொட்டான்? வழியோரத்தே ஆலும் அரசும் நட்டான் யாருடைய வெயிலுக்கு நட்டான்? அந்நிழலில் அமர்வார் அவன் இறந்து நெடுங்காலம் சென்றபின் பிறப்பவர். அவரை அவன் அறியான். அவரும் அவனை அறியார். எனினும் அவன் செய்தது அறமென்பதில் எவரும் ஐயுறுவதில்லை. மருத்துவத்திலும் இத்தகைய கொடை உண்டு. 1965ஆம் ஆண்டில் இலண்டன் ஹாமர்ஸ்மித் என்னுமிடத்தில், மாதில்டா, டெரன்ஸ் கென்னடி ஆகியோர் பெயரால் அமைந்த அறநிதியின் கொடையால் வாதநோய் ஆராய்ச்சிக் கழகம் ஒன்று நிறுவப்பட்டது. முற்கூறிய அறநிலையமும் அதனைத் தொடர்ந்து தாங்கிவந்தது. அங்கே மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி என்னும் இருவர், முடக்குவாதத்தில் மூட்டுக்கள் அழற்சியுறுதற்கு டி.என்.எப். என்னும் புரதம் தலைமைக் காரணமாதலை ஆராய்ந்து, 1992ஆம் ஆண்டில் அதனைத் தடுக்கும் மருந்தினை முதன்முதல் இருபது நோயாளர்க்கு அளித்தனர். முழந்தாள் உள்ளிட்ட மூட்டுக்களைப் பற்றி முறுக்கும் அந்நோய்க்கு அவ்வகை மருந்துகள் இன்று பல நாடுகளிலும் வழங்கப்படுகின்றன. 2003இல் அவ்விருவர்க்கும் லாஸ்கர் பரிசு அளிக்கப்பட்டது. கொடை விதைக்கப்பட்ட ஆண்டிற்கும் முதல் நோயாளி அதன் கனியை நுகர்ந்த ஆண்டிற்கும் இடையே இருபத்தேழு ஆண்டுகள் கழிந்தன. 1965இல் அப்பொருளைக் கண்முன் இருந்த நோயாளர்க்கே பகிர்ந்தளித்திருப்பின் அவர் சில திங்கள் ஆறுதல் பெற்றிருப்பர். பின்வந்தார் அனைவரும் அதே நோவோடு அதே இடத்தில் நின்றிருப்பர்.

இதனால், இன்றைய நோயாளனைக் கைவிடுக என்பது கருத்தன்று. 1936இல் தோன்றிய கழகமும் 1947இல் தோன்றிய சங்கமும் ஒன்றையொன்று வேண்டிநின்றன. ஆராய்ச்சியின்றித் துணை மட்டும் செய்யின், தலைமுறை தலைமுறையாய் அதே துன்பத்திற்கு அதே ஊன்றுகோலைக் கொடுத்துக்கொண்டே இருத்தல் வேண்டும். துணையின்றி ஆராய்ச்சி மட்டும் செய்யின், நோயாளன் மனிதனாதல் மறந்து ஆய்வுப் பொருளாய்விடுவான். இரண்டும் 2017இல் ஒரு குடைக்கீழ் வந்தது இரண்டாவது தடைக்குச் செயலளவில் எழுந்த விடையெனலாம்.

குளம் தொடுதலுக்கும் ஆராய்ச்சிக்கு ஈதலுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. தொட்ட குளத்தில் மழை பெய்தால் நீர் நிறையும் என்பது உறுதி. ஆராய்ச்சியிலோ அவ்வுறுதி இல்லை. இங்கே மூன்றாவது தடை எழுகின்றது. பல்லாண்டு ஆராய்ந்து, பெரும்பொருள் செலவிட்டு, முடிவில் "இம்மருத்துவத்தாற் பயனில்லை" என்றே ஓர் ஆராய்ச்சி முடியின், கொடுத்தான் பெற்றது யாது? ஆற்றிற் கரைத்த புளியன்றோ என்பர்.

இத்தடைக்கு விடை கூறுதற்கு அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த ஒரு செய்தி பெரிதும் உதவும். தேய்ந்த முழந்தாளினுள் சிறு குழல் ஒன்றைச் செலுத்தி, உள்ளிருக்கும் துணுக்குகளை நீரால் கழுவி வெளியேற்றுதலும், சிதைந்த குருத்தெலும்பை மழித்துச் செம்மை செய்தலும் ஆகிய அறுவை மருத்துவம் அங்குப் பெருவழக்காய் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியளவில் ஆண்டொன்றுக்கு 6,50,000க்கு மேற்பட்ட அறுவைகள் நிகழ்ந்தன. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 5,000 டாலர் செலவாயிற்று. செய்துகொண்டவர் பலரும் தமக்கு நோவு குறைந்ததென்றே கூறினர். ஹியூஸ்டன் நகரில் முன்னாட் படைவீரர்க்கென அமைந்த மருத்துவமனையில் புரூஸ் மோஸ்லி என்னும் அறுவை மருத்துவரும் அவர் துணைவரும் இதனைச் சோதிக்கத் துணிந்தனர். 180 நோயாளர் திருவுளச்சீட்டு முறையில் மூன்று பிரிவினராக வகுக்கப்பட்டனர். ஒரு பிரிவினர்க்கு மூட்டு கழுவப்பட்டது. மற்றொரு பிரிவினர்க்குக் கழுவுதலோடு மழித்தலும் செய்யப்பட்டது. மூன்றாம் பிரிவினர்க்கோ தோலில் மட்டும் சிறு கீறல்கள் இடப்பட்டு, மூட்டினுள் யாதும் செய்யப்படவில்லை. எப்பிரிவிற் சேர்ந்தனர் என்பதனை நோயாளரும் அறியார். பின்னர் நோவை அளந்தாரும் அறியார். இரண்டு ஆண்டுகள் அளந்து பார்த்த முடிவு 2002ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மெய்யான அறுவை பெற்ற இரு பிரிவினரும், வெறுங்கீறல் பெற்ற பிரிவினரைவிட நோவு குறைந்தோ நடை சிறந்தோ இருந்தது எந்நாளிலும் காணப்படவில்லை.

இங்ஙனம் வெறுங்கீறல் இட்டு வைத்தல் நோயாளனை வஞ்சித்தல் அன்றோ என்று அறவோர் வினவுதல் இயல்பு. வஞ்சனையாவது அறியாதானை அறியாமையிலேயே வைத்துப் பயன்கொள்ளுதல். இவ்வாராய்ச்சியிற் புகுந்தார் ஒவ்வொருவரும், தமக்கு வெறுங்கீறலே கிடைக்கக்கூடும் என்பதனையும், அதனால் தம் மூட்டிற்கு நலம் விளையாது என்பதனையும் தாம் உணர்ந்ததாகத் தம் கையாலேயே எழுதிக் கொடுத்தல் வேண்டியிருந்தது. தகுதியுடையாராய்க் கண்ட 324 பேருள் 144 பேர் உடன்பட மறுத்து நீங்கினர். மறுப்பதற்கு அவர்க்கு உரிமை இருந்தது. உடன்பட்ட 180 பேரோ, தமக்குப் பயனில்லாது போயினும் பின்வரும் பல்லாயிரவர்க்கு உண்மை விளங்கட்டும் என்று தம் முழந்தாளையே தந்தவராவர். பொருள் ஈந்தாரினும் இவர் ஈகை ஒருபடி மேலானது. தம் கைத்தொழிலால் விளையும் நலம் மெய்யோ என்று தாமே சோதித்துப் பார்த்த மருத்துவரின் நேர்மையும் எளிதன்று.

"பயனில்லை" என்னும் அம்முடிவு விளைத்த பயன் யாது? அமெரிக்க அரசின் மெடிகேர் மருத்துவக் காப்பீடு 2004இல், மூட்டுத் தேய்விற்கெனச் செய்யும் அவ்வறுவைக்குப் பொருள் வழங்குதலைப் பெரும்பாலும் நிறுத்திற்று. கனடாவில் 178 நோயாளரை ஆராய்ந்து 2008இல் வெளியான முடிவும், பின்லாந்தில் முழந்தாட் சவ்வு நைந்த 146 பேரை வெறுங்கீறல் முறையால் ஆராய்ந்து 2013இல் வெளியான முடிவும் அதற்கு அரணாயின. இவ்வகை முழந்தாள் நோயாளருள் ஏறத்தாழ எவர்க்கும் இவ்வறுவை வேண்டாவென்று 2017இல் பன்னாட்டு வல்லுநர் குழுவொன்று வற்புறுத்திற்று. ஹியூஸ்டன் ஆராய்ச்சி அரசின் பொருளால் நிகழ்ந்தது. முற்கூறிய ஆங்கில அறநிலையமும் அதே நெறியைத் தோள்மூட்டு அறுவைக்குக் கைக்கொண்டு, 313 நோயாளரைக் கொண்ட ஆராய்ச்சிக்குப் பொருளுதவிற்று. 2018இல் அச்சிடப்பெற்ற அதன் முடிவும் அவ்வறுவையால் குறிப்பிடத்தக்க நலம் இல்லையென்பதே. வேண்டாத அறுவையினின்றும் ஒருவனைக் காத்தல் வேண்டிய மருந்தை ஒருவனுக்கு அளித்தலோடு ஒக்கும் அறமே. காக்கப்பட்டவன் தான் காக்கப்பட்டமையை அறிவதில்லை. ஆதலின் நன்றி கூறவும் வருவதில்லை. நன்றியும் பெறாத இவ்வீகை, கைம்மாறு கருதாமை என்னும் பண்பிற்கு மிக அணித்தாய் நிற்றல் நோக்கத்தக்கது.

பலர் தமக்கு நலமாயிற்றென்று கூறுதலே சான்றாகாதோ எனின், ஆகாது. சிவஞான சித்தியார் பதி பசு பாசங்களை ஆராயப் புகுமுன் அளவைகளைக் கூறித் தொடங்குதல் சைவ நூலறிந்தார்க்குத் தெரிந்ததே. காட்சியாயினும் ஐயமும் திரிபும் நீங்கியதே அளவையாம். முன்னர் நிகழ்ந்தது ஒன்று பின்னர் நிகழ்ந்ததற்குக் காரணமென்று துணிதற்கு, அது இல்லாதவிடத்துப் பயனும் இல்லையாதல் காட்டப்படல் வேண்டும். முழந்தாள் நோவு தானே ஏறியும் இறங்கியும் வருவது. நோவு மிக்கிருக்கும்பொழுதே ஒருவன் மருத்துவனை நாடுகின்றான். பின்னர் அது தானே தணியினும் மருந்தாலே தணிந்ததென்று கொள்கின்றான். அமெரிக்காவில் 1,583 நோயாளரைக்கொண்டு, குளுக்கோசமின் முதலியவற்றை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மருந்தே இல்லாத வெறுமாத்திரை உண்டாருள்ளும் நூற்றுக்கு அறுபதின்மர்க்கு நோவு குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. அவ்வறுபதின்மரும் பொய்யர் அல்லர். நோவு குறைந்தது மெய்யே. காரணம் இன்னதென்று கொண்டதே திரிபு. இத்திரிபினை நீக்குதல் பெரும்பொருட் செலவின்றி இயலாது. விற்றற்குரிய மருந்தாயின் அதனைச் செய்யும் வணிகர் ஆராய்ச்சிக்குப் பொருள் தருவர். நடத்தலும், துடைத்தசையை வலுப்படுத்தும் பயிற்சியும், உடற்பருமன் குறைத்தலும் எவரும் விற்றற்குரிய பொருள்கள் அல்ல. அவற்றின் பயனை ஆராய்தற்குப் பொருள் தருவார் அரசும் அறநிலையமுமே. எனவே, விலையில்லாத உண்மைக்கு விலை கொடுப்பது இவ்வறத்தின் தனிச்சிறப்பு.

இங்ஙனம் கண்ட உண்மை ஏட்டிலே உறங்குமாயின் ஈகை பாதியிலே நின்றதாகும். ஆதலின் கற்பித்தலும் இவ்வறத்தின் உறுப்பே. தேய்ந்த முழந்தாள் நடந்தால் மேலும் தேயுமென்று அஞ்சி அசையாது கிடப்பார் பலர். கிடக்கக் கிடக்கத் துடைத்தசை மெலிகின்றது, தசை மெலியப் பாரம் மூட்டின்மேல் ஏறுகின்றது, நோவு மிகுகின்றது, மிகுதலால் இன்னும் அசையாது கிடக்கின்றனர். அறியாமை நோயை வளர்க்க, நோய் அச்சத்தை வளர்க்கும் இச்சுழலை மருந்தினும் சொல்லே எளிதில் உடைக்கும். அமெரிக்காவின் வட கரோலினாவில் உடற்பருமன் மிக்க 454 நோயாளரைப் பதினெட்டுத் திங்கள் ஆராய்ந்து 2013இல் வெளியான முடிவு, உணவைக் குறைத்தலும் உடற்பயிற்சியும் ஒருங்கு மேற்கொண்டார், ஒன்றை மட்டும் மேற்கொண்டாரினும் குறைந்த நோவும் சிறந்த நடையும் எய்தினர் என்று காட்டிற்று. இங்கிலாந்தின் மருத்துவ நெறிமுறைக் கழகமும் 2022இல், மூட்டுத் தேய்வுற்றார் அனைவர்க்கும் தக்க உடற்பயிற்சியை வகுத்துத் தருக என்றும், தொடக்கத்தில் சிறிது நோவு கூடினும் தொடர்ந்து செய்தலால் நலமாம் என்பதனை அவர்க்கு விளக்குக என்றும் அறிவுறுத்திற்று. பயிற்சி செய்யென்று ஏவுதல் மட்டும் போதாது. முதற்கண் வரும் நோவு கேட்டிற்கு அறிகுறியன்று என்பதனை அருகிருந்து கூறுவார் ஒருவர் வேண்டும். அவ்வொருவரைப் பயிற்றி அனுப்புதற்கும் நன்கொடையே வேர்.

மூன்று தடைகளும் இங்ஙனம் நீங்கவே, ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் ஈதல் அறமென்பது பெறப்பட்டது. ஆயினும் எல்லா அறங்களுக்கும் போல இதற்கும் காவல் வேண்டும். ஈவோன் தான் விரும்பும் முடிவே வரவேண்டுமென்று விழைதல் கூடாது. விழையின் அவன் கொடுத்தது உண்மைக்கு ஈந்த கொடையாகாது, தன் கருத்திற்குக் கொடுத்த கூலியாய் முடியும். அறநிலையத்தார் நற்செய்தியை முரசறைந்தும் "பயனில்லை" என்னும் செய்தியை ஒளித்தும் வைத்தல் கூடாது. ஒளிக்கப்பட்ட அச்செய்திக்காகவும் நோயாளர் தம் உடம்பைத் தந்துள்ளனர். எதனை ஆராய்தல் வேண்டுமென்று துணியும்பொழுது வருந்துவாரையும் உடனிருத்திக் கேட்டல் வேண்டும். எக்ஸ்கதிர்ப் படத்திற் காணும் தேய்வும் நோயாளன் உறும் நோவும் பலகாலும் ஒத்திருப்பதில்லையாதலின், நோவின் அளவை நொந்தாரே அறிவர். கண்முன் நிற்கும் நோயாளனுக்கென்று பெற்ற பொருளை ஆராய்ச்சிக்கோ, ஆராய்ச்சிக்கென்று பெற்ற பொருளை வேறொன்றிற்கோ மாற்றுதலும் நம்பிக்கைக் கேடாம்.

உயிர்க்கு வரும் துன்பங்களுக்கெல்லாம் அறியாமை வேராகும் என்பது சித்தாந்தத் துணிபு. அவ்வேர் முழுதும் அறுதல் திருவருளாலன்றி இயலாது. எனினும் ஒரு சிறு மூட்டினைப்பற்றிய ஒரு சிறு அறியாமையை நீக்குதல் மனிதர்க்கு இயன்ற தொண்டு. பசித்தான் கையில் சோற்றை இட்டவன் அவன் முகமலர்ச்சியைக் காண்கின்றான். அஃது அவனுக்கு அப்பொழுதே கிடைத்த பரிசு. ஆராய்ச்சிக்கு ஈந்தவனுக்கு அப்பரிசும் இல்லை. யாரோ ஒரு முதியவள், எந்நாட்டிலோ, பின் எந்நாளிலோ, வேண்டாத கத்திக்குத் தப்பி, கைப்பிடியைப் பற்றிப் படியேறி மேல்வீட்டை அடைவாள். தன்னை ஏற்றியது யாரென்று அவள் வினவமாட்டாள். வினவப்படாமையே அவ்வீகைக்கு அணியென்க.